ஒரு வீட்டுக்கு ஒரு இடம்

உக்காருங்க தம்பி, ஃப்ளைட் இப்போதைக்கு வராது. அதோ அந்த மலை மேல மேகம் படுத்திருக்கு பாருங்க, அது எழுந்திருக்கணும். அது எழுந்திருக்காம டெல்லியிலேருந்து ஃப்ளைட்டே கெளம்பாது. இந்த லே ஊருக்கு நான் பல தடவை வந்துட்டேன், எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் தமிழ்ல பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. ஊர் பாக்க வந்தீங்களா? நல்லது. ஜனவரில இங்க வர்றதுக்கு ஒரு தைரியம் வேணும்.

நான் ஊர் பாக்க வரல. வேலையா வந்தேன். நம்ம நாட்டுக்குப் பொண்ணுங்க ஐஸ் ஹாக்கி டீம் ஒண்ணு இருக்கு, தெரியுமா? தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்த டீமுக்கு ஆள் எடுக்கிற கமிட்டிக்கு நான்தான் சேர்மன். ஆட்டக்காரங்க, கோச், எல்லாம் என் கையெழுத்துலதான் போகும். பேர் கஜபதி, சொந்த ஊர் வேலூர்.

நேத்து மார்க்கெட்ல ஒரு டீ கேட்டேன். கடைக்காரன் என் மூஞ்சியப் பாத்துட்டு பால் இல்லன்னான். பக்கத்துல நிக்கிறவன் பால் டீதான் குடிச்சுக்கிட்டிருக்கான். இன்னைக்குக் காலையில டாக்ஸிக்காரன் ஏர்போர்ட் கேட்டுக்கு ரொம்ப முன்னாடியே இறக்கி விட்டுட்டு, பெட்டியைக்கூட எடுத்துத் தராம போயிட்டான். நான் இந்த ஊருக்கு என்ன துரோகம் பண்ணிட்டேன்? நீங்க நம்மாளு, படிச்சவர். முழுசா கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. தப்பு என் பேர்லனு பட்டா நேரா சொல்லலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

நான் இதுக்குள்ள எப்படி வந்தேன்னு கேட்டா சிரிப்பீங்க. ஐஸ் ஹாக்கி சங்கத்துத் தலைவர் டெல்லியில பெரிய ஓட்டல் முதலாளி. நான் அரசாங்க வேலையிலேருந்து ரிட்டையர் ஆனதும் காலையில நடக்கப் போவேன், அதே பார்க்குக்கு அவரும் வருவார். ஒருநாள் புலம்பினார். "கமிட்டியில லடாக்காரனைப் போட்டா லடாக் பொண்ணா எடுக்கிறான், இமாச்சல்காரனைப் போட்டா இமாச்சல் பொண்ணா எடுக்கிறான். நடுவுல நிக்க ஒரு ஆள் கெடைக்க மாட்டேங்குது"ன்னார். நான் விளையாட்டா சொன்னேன், "எங்க ஊர்ல ஐஸ் சர்பத்துல மட்டும்தான் சார் மெதக்கும்"னு. மனுஷன் அப்படியே நின்னுட்டார். "நீங்கதான் ஆளு"ன்னார். யோசிச்சுப் பாத்தா சரிதானே? பனியே பாக்காதவனுக்குத்தான் பனியில பாரபட்சம் இருக்காது.

ஆட்டம் தெரியுமான்னா, ஹாக்கி தெரியும். காலேஜ்ல நான் லெஃப்ட் அவுட். கட்டாந்தரையில ஆடற ஹாக்கி. யுனிவர்சிட்டி டீம்ல என் பேர் வந்திருக்கணும். நோட்டீஸ் போர்டைப் பாத்தா செலக்டரோட அக்கா பையன் பேர் இருக்கு. அவனுக்குப் பந்தை நிறுத்தக்கூட வராது தம்பி. அந்த போர்டு முன்னாடி நின்னுக்கிட்டு மனசுல ஒண்ணு சொல்லிக்கிட்டேன். என்னைக்காவது எனக்கு அந்த நாற்காலி கெடச்சா, ஒரு மாமன் மச்சான் உள்ள வர முடியாதுன்னு. ஆயுசுல பாதி காத்திருந்து கெடச்ச நாற்காலி இது. நான் எவ்ளோ சுத்தமா வெச்சிருப்பேன், நீங்களே நெனச்சுப் பாருங்க.

நடந்தது போன வருஷம். ஆசியப் போட்டிக்கு டீம் அனுப்பணும். அதுக்கு முந்தி ஒரு கனடாக்காரர் கோச்சா இருந்தார், அவர் ஊரோட போயிட்டார். புது கோச் வேணும். இங்க நம்க்யால்னு ஒருத்தன். பட்டாளத்துல இருந்தவன், பட்டாளத்து டீம்ல ஆடினவன். வெளிய வந்ததுலேருந்து பொண்ணுங்களுக்குச் சும்மாவே சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தான். குளிர் வந்தா வயலுக்குத் தண்ணியப் பாய்ச்சி உறைய விட்டு, அதுமேல ஆட விடுவான். டீம்ல பாதிப் பொண்ணுங்க அவன் கையைப் புடிச்சுக்கிட்டு ஐஸ்ல நிக்கக் கத்துக்கிட்டவங்க. எல்லாரும் ஒரே வாயா அவன்தான் கோச்சா வரணும்னாங்க. எனக்கும் அவன்தான் சரின்னு பட்டுச்சு. நான் ஒண்ணும் குருடன் இல்ல.

ஆனா அவனுக்கு ஒரு தங்கச்சி. டோல்கர்னு பேர். அவதான் டீமுக்கு கோல்கீப்பர்.

இந்த ஆட்டத்துல பந்து கெடையாது தம்பி. கெட்டி ரப்பர்ல ஒரு வட்டு, பக்னு சொல்வாங்க. குளிர்ல அது கருங்கல்லு மாதிரி ஆயிடும். வர்றது கண்ணுக்கே தெரியாது. அந்தப் பொண்ணு அதைக் கையால, காலால, மாரால தடுப்பா. ஒல்லியா இருப்பா. ஹெல்மெட்டைக் கழட்டினா ஸ்கூல் டீச்சர் மாதிரி இருப்பா. நெசமாவே ஸ்கூல் டீச்சர்தான், சக்திங்கிற ஊர்ல. ஆமா, இங்க அப்படி ஒரு ஊர் இருக்கு, கார்ல போனா கொஞ்ச நேரம்தான். அப்பா கெடையாது. அம்மா, அண்ணன், தங்கச்சி, அவ்ளோதான் வீடு. அண்ணன்தான் அவளை வளத்து ஆளாக்கினது.

யாராவது புகார் சொன்னாங்களான்னு கேப்பீங்க. இல்ல. ஒருத்தர்கூட சொல்லல. அதான் எனக்கு பயமே. வந்த புகாருக்கு பதில் சொல்லிடலாம். வராத புகாருக்கு என்ன பதில் சொல்றது?

நம்க்யாலை கெஸ்ட் ஹவுஸுக்கு வரச் சொன்னேன். வந்தான். நாற்காலி நுனியில உக்காந்தான். அவனுக்கு விஷயம் தெரியும், கோச் ஆகப் போறோம்னு. முகத்துல ஒரு சந்தோஷம், அதை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தான். நான் மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன்.

"நம்க்யால், உன் பேர்தான் எழுதப் போறேன். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு இடம்தான். நீ கோச்சுன்னா உன் தங்கச்சி ஆட முடியாது. அவ ஆடினா நீ கோச் ஆக முடியாது."

"அப்படி ரூல் இருக்கா சார்?"

"எழுதி வெச்சாதான் ரூலா? நாளைக்கு அண்ணன் தங்கச்சிய எடுத்தான்னு பேச்சு வராதா?"

அவன் ரொம்ப நேரம் எல்லாம் யோசிக்கல. "அப்ப அவ ஆடட்டும் சார். நான் வேண்டாம்"னான். எழுந்துட்டான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு மனுஷன் உனக்காக யோசிச்சு ஒரு வழி சொல்றான், நீ பொசுக்குனு எழுந்துக்கிறே. உக்காருன்னேன். "நீ இல்லன்னா பொண்ணுங்க போக மாட்டேங்கறாங்க. நீ கோச் இல்லன்னா டீமே இல்ல. டீம் இல்லன்னா உன் தங்கச்சி எங்க ஆடுவா? ஒரு தங்கச்சிக்காக இத்தனை தங்கச்சிங்க வீட்டுல உக்காரணுமா?"ன்னு கேட்டேன்.  என் பக்கம் நியாயம் இருந்ததால அவனால மறுக்க முடியல. எழுந்து போயிட்டான்.

மறுநாள் காலையில அந்தப் பொண்ணு வந்துச்சு. தனியா. ஸ்கூலுக்குப் போற வழியில வந்திருக்கா, தோள்ல பை இருந்துச்சு. உக்காரச் சொன்னேன், உக்காரல. "சார், நான் விலகிக்கிறேன். அண்ணனை கோச்சா போடுங்க. அவருக்கு இது தவிர வேற ஒண்ணும் ஆசை இல்ல. நான் வந்துட்டுப் போனது அவருக்குத் தெரிய வேண்டாம்"னா.

எனக்குக் கண் கலங்கிடுச்சு தம்பி, பொய் சொல்லல. இந்தக் காலத்துல யார் விட்டுக் குடுக்கிறா? தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணேன். ஆனா ஒரு விஷயம் விளக்கினேன். "நீயா விலகினேன்னா, நான் மெரட்டி விலக்கினேன்னு பேச்சு வரும். அதனால ட்ரையல்ஸ்ல நீயும் வந்து ஆடணும். ஆடித் தோத்து வெளிய போனா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு மூணு கோல் விட்டுடு, போதும்"னேன்.  அவ சரின்னு தலையாட்டினா.

நம்க்யால்கிட்ட அப்புறம் நான்தான் சொன்னேன், உன் தங்கச்சியே வந்து விலகிக்கிட்டான்னு. அவன்கிட்ட மறைக்கிறது முறை இல்லையே. இன்னொண்ணும் சொன்னேன். செலக்‌ஷன் லிஸ்டை அவன்தான் வாசிக்கணும், கோச் பேர்ல அவன்தான் கையெழுத்துப் போடணும்னு. சேர்மன் வாசிச்சா மேலேருந்து திணிச்ச மாதிரி ஆயிடும். கோச் வாசிச்சா அது கோச்சோட முடிவு. நிர்வாகம்னா இப்படித்தான் பாத்துப் பாத்துப் பண்ணணும்.

ட்ரையல்ஸ் அன்னைக்கு ஊரே வந்துடுச்சு. இவங்களுக்குக் குளிர்காலத்துல வேற என்ன இருக்கு? ஐஸைச் சுத்தி சனம் நிக்குது. நம்க்யாலோட அம்மாவும் முன்னாடி வந்து ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கும் நாற்காலி, கம்பளி, கால்கிட்ட ஒரு அடுப்பு, எல்லாம் குடுத்தாங்க. அப்பல்லாம் குடுத்தாங்க.

கோல்கீப்பருக்கு டெஸ்ட்னா கோச்சே நின்னு அடிக்கணும். நம்க்யால் அடிச்சான். முதல்ல மெதுவாத்தான் அடிச்சான். தடுத்தா. இன்னும் மெதுவா அடிச்சான். அதையும் தடுத்தா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் மெதுவா அடிக்கிறது நல்லாவா இருக்கு? வேகமா அடின்னு சத்தம் போட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். அப்புறம் அடிச்சான் பாருங்க தம்பி, நான் அவன் பட்டாளத்துல ஆடினதைப் பாத்ததில்ல, அன்னைக்குத்தான் பாத்தேன். ஒண்ணொண்ணும் தோட்டா. அவ விழுந்து, பொரண்டு, எழுந்து, எல்லாத்தையும் தடுத்தா. ஒண்ணுகூட உள்ள போகல. சனம் கத்துது. எவனோ போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருக்கான்.

அவளைக் கூப்பிட்டு, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே, சொன்னேனே"ன்னு கேட்டேன். மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா, "விடணும்னுதான் சார் நெனச்சேன். கால் தானா போயிடுது."

சரி, இனி என்ன பண்றது. முடிவு முடிவுதான். நம்க்யால் கையில லிஸ்டைக் குடுத்தேன். ஐஸ் நடுவுல நின்னு வாசிச்சான். ஒவ்வொரு பேரா வாசிக்கிறான், ஒவ்வொரு பேருக்கும் பொண்ணுங்க மட்டையால ஐஸைத் தட்டுறாங்க. அதுதான் அவங்க கைத்தட்டல். கோல்கீப்பர்னு வந்ததும் நிறுத்திட்டான். நான் தொண்டையைக் கனைச்சேன். "பத்மா"ன்னான். அது ஒரு சின்னப் பொண்ணு, அந்த வருஷம்தான் ஸ்கூல் முடிச்சிருந்துச்சு. அந்தப் பேருக்கு யாரும் தட்டல.  அப்புறம் ஒரு மட்டை மட்டும் தட்டுச்சு. டோல்கர். அவ தட்டினதும்தான் மத்தவங்களும் தட்டினாங்க. பாத்தீங்களா, அந்தப் பொண்ணுக்கே வருத்தம் இல்ல. வருத்தம் இருந்தா தட்டுவாளா?

லிஸ்டை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு அவன் அங்கயே நின்னான். நகரவே இல்ல. அவதான் சறுக்கிக்கிட்டே பக்கத்துல போயி, "அச்சோ, வா"ன்னு கூப்பிட்டா. இவங்க பாஷையில அச்சோன்னா அண்ணன். எனக்கு முதல்ல அது தெரியாது, நம்ம ஊர்ல அடிபட்டா சொல்வோமே, அதுன்னு நெனச்சேன். சட்டையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. அவங்க அம்மா ஸ்டூலை மடிச்சு எடுத்துக்கிட்டு வேற பக்கமா நடந்து போனாங்க.

உங்க வீட்டம்மா ஏன் எழுந்து அந்தப் பக்கம் போயிட்டாங்க? ஹீட்டர் கிட்டயா? குளுரும், குளுரும். நீங்க இருங்க.

இதோட முடிஞ்சிருந்தா எல்லாருக்கும் நல்லதா போயிருக்கும். அந்த வீடியோ இருக்கே, அது போன் போனா பரவிடுச்சு. அண்ணன் அடிக்கிறான், தங்கச்சி அத்தனையும் தடுக்கிறா, அடுத்ததா அவன் லிஸ்ட் வாசிக்கிறான், அவ பேர் இல்ல. டெல்லியில டிவிக்காரன் வரைக்கும் போயிடுச்சு. இப்படியும் ஒரு அண்ணனான்னு நாடு பூரா திட்டறாங்க. தங்கச்சி மேல பொறாமைன்னு ஒருத்தன் எழுதறான். சொத்துத் தகராறுன்னு இன்னொருத்தன். அந்த வீட்டுல என்ன பெரிய சொத்து இருக்கு, ரெண்டு மாடும் ஒரு வயலும். தலைவர் எனக்கு போன் பண்ணி, "அந்தப் பொண்ணை யார் எடுக்காம விட்டது?"ன்னு கேட்டார்.

நான் என்ன சொல்றது? லிஸ்ட்ல கோச் கையெழுத்து. வாசிச்சது கோச். உள்ளது உள்ளபடி சொன்னேன், "கோச்சோட முடிவு சார்"னு. "அப்ப அந்த ஆளைத் தூக்கிடுங்க"ன்னார்.

சொல்ல வேண்டியது என் கடமை, போன் போட்டேன். நம்க்யால், உன்னைப் பதவியிலேருந்து எடுத்தாச்சுன்னேன்.  மெதுவா, "சார், நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்"னான்.

"நான் சொன்னேன்னு நீ சொல்றே. அந்த ரூம்ல வேற யார் இருந்தா?"ன்னு கேட்டேன். கோவமா கேக்கல தம்பி. ஒரு பெரியவன் எடுத்துச் சொல்ற மாதிரி நிதானமாத்தான் கேட்டேன். "என் தங்கச்சிக்குத் தெரியும்"னான். "தங்கச்சி சொன்னா அது சாட்சியா? அதான் ஒரே வீடு ஆச்சே"ன்னேன். போனை வெச்சுட்டான்.

போட்டிக்கு நாள் இல்ல. அவசரத்துக்கு கோச்சுக்கு எங்க போறது? எங்க மாப்பிள்ளை குர்கான்ல ஒரு மால்ல ஐஸ் ரிங்க் வெச்சிருக்கார். சின்னப் பசங்க பர்த்டேக்கு வந்து சறுக்கிட்டுப் போற மாதிரி. அவரைப் போட்டோம்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? அது வேற. மாப்பிள்ளை எப்படி ஒரே வீடு ஆவார்? அவங்க ஹரியானா, நான் டெல்லி. வேற மாநிலம், ரேஷன் கார்டே வேற. அதுவும் இல்லாம ரூல் கோச்சுக்கும் ஆட்டக்காரருக்கும்தான். நான் ஆடறேனா? மாப்பிள்ளை முதல்ல முடியாதுன்னுதான் சொன்னார். என் பொண்ணுதான் பேசி சம்மதிக்க வெச்சா.

அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. நம்க்யால் போயிட்டான், அப்ப அவன் வீட்டு இடம் காலியாத்தானே இருக்கு? டோல்கரைத் திரும்ப எடுத்துக்கலாமே. பெருந்தன்மையா நானே சக்திக்குப் போனேன். வீட்டுக்குள்ள உக்கார வெச்சு டீ குடுத்தாங்க, உப்பும் வெண்ணெயும் போட்ட டீ, எனக்கு இறங்கல. நம்க்யால் அடுப்புக்கிட்ட சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். எளச்சுப் போயிருந்தான். என்னைப் பாத்து எழுந்திருக்கல, அதைக்கூட நான் பெருசா எடுத்துக்கல.

"தடை நீங்கிடுச்சும்மா, நீ வந்து ஆடலாம்"னேன்.

நம்க்யால் தரையப் பாத்துக்கிட்டே, "போ"ன்னான் அவகிட்ட. "போயி ஆடு."

அவ சொன்னா, "சார், அது எங்க அண்ணன் எல்லார் முன்னாடியும் வாசிச்ச லிஸ்ட். அதுல என் பேர் இல்ல. நான் இப்ப வந்து ஆடினா அவர் வாசிச்சது பொய்னு ஆயிடும். அவர் என்னை வேணும்னே ஒதுக்கினார்னு ஆயிடும்."

"அப்படித்தானேம்மா எல்லாரும் சொல்றாங்க"ன்னேன்.

"சொல்லட்டும் சார். நான் போயி நின்னு அதை ருசுப்படுத்த மாட்டேன்."

அவங்க அம்மா மூலையிலேருந்து என்னமோ கேட்டாங்க. என்னன்னு விசாரிச்சேன். டோல்கர் சொன்னா, "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனைன்னு கேக்கறாங்க." ஒரே பொண்ணுன்னேன். அந்தம்மா தலையாட்டிட்டு இன்னொண்ணு சொன்னாங்க. "அப்ப உங்களுக்கு இந்தக் கஷ்டம் வராதாம் சார்"னா. நல்ல மனசு. அந்த நெலமையிலயும் எனக்காக சந்தோஷப்பட்டாங்க.

ஆனா நாட்டுக்காக ஆட வரமாட்டேன்னு சொன்னா சும்மா விட முடியுமா? இன்னைக்கு இவ சொல்வா, நாளைக்கு இன்னொருத்தி சொல்வா. டெல்லி போனதும் ரெண்டு வருஷம் தடை போட்டேன். அந்த லெட்டரை எழுதறப்போ எனக்குச் சாப்பாடு இறங்கல, தெரியுமா? யாரும் அதை நெனச்சுப் பாக்கறதில்ல.

அந்தத் தடையைப் பாத்ததும் மத்த பொண்ணுங்க மறுக்காம வந்தாங்க, பத்மாவை வெச்சுத்தான் போட்டிக்குப் போனோம். தோத்தோம். நல்லாவே தோத்தோம். ரெண்டாவது ஆட்டத்துல அந்தப் பொண்ணுக்குத் தோள்ல ஒண்ணு பட்டுடுச்சு. மாப்பிள்ளைகிட்ட வந்து வலிக்குதுன்னு சொல்லியிருக்கு. ஆட்டம் முடியட்டும்னார் மாப்பிள்ளை. அவரைத் தப்பு சொல்ல முடியாது, அவர் ரிங்க்ல கொழந்தைங்க விழுந்தா எழுந்து ஓடிடும், அவருக்கு அதுதான் பழக்கம். ஒடஞ்ச எலும்போடவே அது கடைசி வரைக்கும் நின்னுச்சு. ஒரு கையால நின்னா எத்தனை தடுக்கும்? இப்பவும் அந்தக் கையை மேல தூக்க வராதாம், அம்மாதான் தலை சீவி விடறாங்களாம். நல்ல பொண்ணு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. பாத்தா பேசறதும் இல்ல, ஆனா தப்பா சொன்னதில்ல.

இந்த வருஷத்துக்கு வருவோம். புது டீம் எடுக்கணும்னு இந்த வாரம் வந்தேன். ட்ரையல்ஸ்னு எல்லாருக்கும் தகவல் போயிருக்கு. காலையில ரிங்க்குக்குப் போனா ஒரு ஈ காக்கா இல்ல. நாற்காலி இல்ல, கம்பளி இல்ல. நானே ஒரு சிமெண்ட் திட்டுல உக்காந்திருந்தேன். ஒரு பொண்ணு வரல தம்பி. வெயில் சாஞ்சதும் காவல்காரன் வந்து, கேட்டைப் பூட்டணும் எழுந்திருங்கன்னான். எல்லாரும் எங்கன்னு கேட்டேன். சக்தியில குளம் உறைஞ்சிருக்கு, அங்க ஆடறாங்கன்னான்.

மறுநாள், அதாவது முந்தாநாள், கார் பேசிக்கிட்டு அங்க போனேன். போனா, மொத்தப் பேரும் அங்கதான். நம்க்யால் நடுவுல நின்னு சொல்லிக் குடுக்கிறான். கோல்ல டோல்கர். பத்மாகூட ஓரமா நின்னு பாத்துக்கிட்டிருக்கு. என்னைப் பாத்தாங்க, பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாங்க. ஆட்டத்தை நிறுத்தல. கரையில நின்னு கூப்பிட்டேன். "நான் சேர்மன் வந்திருக்கேன், எல்லாரும் இங்க வாங்க"ன்னேன். யாரும் வரல. எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. ஷூ காலோட ஐஸ்ல இறங்கிட்டேன். ரெண்டு எட்டு வெச்சிருப்பேன், கால் வாரிடுச்சு. கையை ஊணி விழுந்தேன். வலது கை. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துடுச்சு.

யாரும் சிரிக்கல, அதையும் சொல்லணும். யாரும் கிட்ட வரவும் இல்ல. எல்லாரும் மட்டையை ஊணிக்கிட்டு நின்னு பாக்கறாங்க. நம்க்யாலும்தான். அப்புறம் அந்தப் பொண்ணு, டோல்கர், கோலை விட்டு வந்தா. கிளவுஸைக் கழட்டிப் போட்டுட்டு மண்டி போட்டு என் கையைத் தொட்டுப் பாத்தா. "ஒடையல சார், சுளுக்குத்தான்"னா. தன் கழுத்துல இருந்த கம்பளித் துணியை அவுத்து, மணிக்கட்டைச் சுத்தி இழுத்துக் கட்டினா. தூக்கி நிறுத்தி, தோளைப் புடிச்சுக் கார் வரைக்கும் நடத்திக்கிட்டு வந்தா. பெத்த அப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்ற மாதிரி. என் பொண்ணுகூட இப்ப வந்து பாக்கறதில்ல, மாப்பிள்ளை மேல எல்லாரும் பழி போட்டுட்டாங்கன்னு அவளுக்கு என் மேல கோவம். வழியில நான் சொன்னேன், "உன் தடையை எடுத்துடறேம்மா. ஒரு மன்னிப்பு மட்டும் எழுதிக் குடு"ன்னு. அவ கார் கதவைச் சாத்திட்டு, மெதுவாப் போகணும்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டு, திரும்பப் போயி கோல்ல நின்னுக்கிட்டா.

நேத்து ரூம்ல உக்காந்து யோசிச்சேன். மனசு என்னவோ அவ பக்கம்தான் போகுது. ஆனா மனசு சொல்றபடி நடக்கவா என்னைச் சேர்மனா போட்டிருக்காங்க? அவ எனக்கு ஒரு உபகாரம் பண்ணிட்டா. இப்ப நான் அவளுக்குச் சலுகை காட்டினா அதைவிடப் பெரிய பாரபட்சம் உண்டா? யாரா இருந்தாலும் ஒரே நியாயம். தடையில இருக்கிறவகூட சேர்ந்து ஆடினதும் குத்தம்தான். அன்னைக்கு அந்தக் குளத்துல நின்ன அத்தனை பொண்ணுங்களுக்கும் அஞ்சு வருஷம். டோல்கருக்கு ஆயுசுக்கும். நம்க்யால் இனிமே யாருக்கும் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு. டீமுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, மாப்பிள்ளை ரிங்க்ல பொண்ணுங்க இருக்காங்க.

இதோ இந்தப் பையிலதான் இருக்கு எல்லா லெட்டரும். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா, ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து. ஆரம்பத்துல விரலை மடக்கவே முடியல, கை அப்படி வீங்கியிருந்துச்சு. டாக்டர்கிட்ட போலாமான்னு பாத்தேன். தேவைப்படல. பாருங்க, இந்தக் கட்டை நான் இன்னும் அவுக்கல. எவ்ளோ பக்குவமா போட்டிருக்கா, இறுக்கமாவும் இருக்கு, வலிக்கவும் இல்ல. அதனாலதான் தம்பி பேனாவே புடிக்க முடிஞ்சுது.